தாமதம் மறுப்பாகுமா? – அமெரிக்கப் படைக்கல அநுமதி வழக்குகளின் வரலாறு

ஓர் அரசாங்க அலுவலர் தம்மிடம் வந்த விண்ணப்பத்துக்கு மூவகையில் விடை கூறலாம். ஆம் எனலாம், இல்லை எனலாம், ஒன்றுங் கூறாது வாளாவிருத்தலுஞ் செய்யலாம். முதலிரண்டும் விடைகளே என்பதை எவரும் ஒப்புவர். மூன்றாவது விடையாகுமா என்பதே சட்ட வரலாற்றிற் பெரிதும் இடர்ப்பாடு விளைத்த வினாவாகும். மறுப்புக்குக் காரணங் காட்டல் வேண்டும்; காரணம் காட்டப்பட்டால் அதனை எதிர்த்து மேன்முறையீடு செய்யலாம். மௌனத்துக்கோ காரணமும் இல்லை. மேன்முறையீட்டுக்கு வழியும் இல்லை. ஆதலின் மறுப்பினும் மௌனமே கொடிதாதலும் உண்டு. நீதியை விற்கவும் மறுக்கவும் மாட்டேன் என்று கூறிய இங்கிலாந்து மன்னன், தாமதிக்கவும் மாட்டேன் என்று 1215ஆம் ஆண்டின் மகாசாசனத்திற் சேர்த்து உறுதி கூற நேர்ந்தமை இவ்வுண்மையை உணர்ந்தமையினாலேயே போலும்.

இவ்வினாவின் கூர்மையை, ஐக்கிய அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இரு வார இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு துயரங்கள் நன்கு காட்டும். நியூ ஜேர்சி மாநிலத்திலே, முன்னர் தம்மோடு பழகிய ஒருவனால் அச்சுறுத்தப்பட்ட பெண்ணொருவர், நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை பெற்று, வீட்டிலே கண்காணிப்புக் கருவிகளும் பொருத்தி, கைத்துப்பாக்கி வாங்குவதற்கு அநுமதி வேண்டி ஏப்பிரில் 21ஆந் திகதி பொலிசாரிடம் விண்ணப்பித்தார். 30 நாளுள் முடிவு கூறல் வேண்டுமென்பது அம்மாநிலச் சட்டம். 43 நாள் கழிந்தும் முடிவு வரவில்லை. யூன் 3ஆந் திகதி தம் வீட்டு முன்றிலில் அவர் அவனாற் குத்திக் கொல்லப்பட்டார். பதினான்கு நாட்களின் பின், யூன் 17ஆந் திகதி இரவு, தென் கரோலினா மாநிலத்தின் சார்ள்ஸ்டன் நகரிலே, கறுப்பின மக்களின் புகழ்பெற்ற இம்மானுவேல் தேவாலயத்தில் வேதாகமம் படிக்கக் கூடியிருந்தோருள் ஒன்பதின்மரை ஓர் இளைஞன் சுட்டுக் கொன்றான். அவன் துப்பாக்கி வாங்க முற்பட்டபோதும் அரசாங்கம் குறித்த காலத்துள் விடை கூறவில்லை. ஆயின் அங்கே மௌனம் அநுமதியாகக் கொள்ளப்பட்டது. முன்னையதிலோ மௌனம் மறுப்பாக முடிந்தது. ஒரே நாட்டில், ஒரே மாதத்தில், அலுவலகத்தின் மௌனம் இரு வேறு பொருள் பெற்று, இரு வழியிலும் உயிர்களைக் காக்கத் தவறியது. இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதையும், நீதிமன்றங்கள் இதனை எவ்வாறு அணுகின என்பதையும் ஈண்டு நோக்குவாம்.

அமெரிக்கர் படைக்கலம் வைத்திருத்தலை ஓர் உரிமையாகக் கருதுதற்கு மூலம் இங்கிலாந்திலே உளது. 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், சட்டம் இடங்கொடுக்கும் அளவில், தம் நிலைக்கேற்ற படைக்கலங்களைத் தற்காப்புக்காக வைத்திருக்கப் புரட்டஸ்தாந்து மதத்தினர்க்கு இடமளித்தது. அமெரிக்கக் குடியரசு 1791ஆம் ஆண்டில் தன் அரசியல் யாப்புக்குச் செய்த இரண்டாவது திருத்தம் இவ்வுரிமையை மக்களின் உரிமையாக விரித்துரைத்தது. அக்காலத்தில் வெள்ளையரான குடியானவர் கடைக்குச் சென்று துப்பாக்கி வாங்குவதற்கு எந்த அலுவலரின் கையொப்பமும் பொதுவாக வேண்டப்படவில்லை.

அலுவலரின் கையொப்பம் வேண்டப்பட்டோர் வேறொரு சாரார். உள்நாட்டுப் போரின் முடிவில் அடிமைநிலை நீங்கிய கறுப்பின மக்கள், மாவட்டச் சபையின் அநுமதியின்றிப் படைக்கலம் வைத்திருத்தலாகாதென 1865ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலம் சட்டம் இயற்றியது. அநுமதி வழங்குவோர் அவர்களின் முன்னைய எசமானரைச் சார்ந்தோரே ஆதலின், விண்ணப்பம் என்ன ஆகும் என்பது எவர்க்கும் தெரிந்ததே. இத்தகைய சட்டங்களைக் கண்ட காங்கிரசு, சட்டத்தின் முன் எல்லாரும் சமன் என்னும் பதினான்காவது திருத்தத்தை உருவாக்கிற்று. அது 1868இல் நடைமுறைக்கு வந்தது. எனினும் அலுவலரின் விருப்பத்தைச் சார்ந்த அநுமதிமுறை ஒழியவில்லை. நியூயோர்க் 1911இல் கைத்துப்பாக்கிக்கு அநுமதிப்பத்திரம் வேண்டுமென விதித்தது. வட கரோலினா 1919இல் கைத்துப்பாக்கி வாங்குவோர் முன்கூட்டியே அநுமதி பெறல் வேண்டுமெனவும், அதற்கு நல்லொழுக்கச் சான்று வேண்டுமெனவும் சட்டஞ் செய்தது. நல்லொழுக்கம் யாது என்பதைத் தீர்மானிப்பவர் அலுவலரே. 1956ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தின் மொண்ட்கொமரி நகரில், வீட்டின்மீது குண்டு வீசப்பட்ட பின்னர் மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி எடுத்துச் செல்ல அநுமதி வேண்டினார், அது மறுக்கப்பட்டது. அகிம்சையின் தூதராக உலகம் பின்னர் போற்றிய அப்பெரியாரும் அலுவலரின் விருப்புவெறுப்புக்கு உட்பட நேர்ந்தமை நோக்கற்பாலது.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். தாமதம் இருவகைப்படும். ஒன்று, சட்டமே விதித்த காத்திருப்புக் காலம். கலிபோர்னியா 1923இல் கைத்துப்பாக்கி விற்பனைக்கும் கையளிப்புக்கும் இடையே ஒரு நாள் கழிதல் வேண்டுமென விதித்தது. அது 1955இல் 3 நாளாகவும், 1965இல் 5 நாளாகவும், 1970களின் நடுப்பகுதியில் 15 நாளாகவும் நீண்டு, 1997இல் 10 நாளாகக் குறைந்தது. வாங்குபவரின் பின்னணியை ஆராய்தற்கும், சினத்தினாலோ மனமுறிவினாலோ துப்பாக்கி தேடி வந்தவர் அமைதியடைதற்கும் இக்காலம் உதவும் என்பது இதன் நியாயம். மற்றையது, சட்டம் குறித்த காலத்தைக் கடந்தும் அலுவலகம் முடிவு கூறாதிருத்தல். முன்னது சட்டத்தின் தாமதம். பின்னது சட்டத்தை மீறிய தாமதம். முன்னதை எதிர்ப்பவர் சட்டமே யாப்புக்கு முரணானது என வழக்கிடுகின்றார். பின்னதை எதிர்ப்பவர் சட்டத்தை நிறைவேற்றுங்கள் என்றே வழக்கிடுகின்றார்.

பின்னதற்குரிய பழைய பரிகாரம் மண்டாமஸ் எனப்படும் பணிப்பாணை எழுத்தாணை. ஆங்கிலச் சட்டத்தின்வழி அமெரிக்காவும் இலங்கையும் பெற்ற பொதுச் சொத்து இது. அலுவலர் ஒருவர் சட்டம் தமக்கிட்ட கடமையைச் செய்யாதிருப்பின், அதனைச் செய்யுமாறு நீதிமன்றம் கட்டளையிடும். அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் தலையாய தீர்ப்பெனப் போற்றப்படும் 1803ஆம் ஆண்டின் மார்பரி எதிர் மடிசன் வழக்கும் கையளிக்கப்படாத ஒரு நியமனப் பத்திரத்தைப் பற்றியதே. உரிமையொன்று உண்டாயின் அதற்குப் பரிகாரமும் உண்டென அவ்வழக்கிற் பிரதம நீதியரசர் மார்சல் நிலைநாட்டினார். ஆயின் அந்நீதிமன்றம் நேரே அவ்வாணையை வழங்க இயலாதென்றும் அவரே தீர்த்தார். பணிப்பாணைக்கு ஓர் எல்லை உண்டு. முடிவு கூறுக என அது அலுவலரைப் பணிக்கலாம். அலுவலரின் தற்றுணிபுக்கு உட்பட்ட விடயத்தில் இன்ன முடிவே கூறுக எனப் பணித்தல் அரிது. மேலும், வழக்குத் தொடுக்கப் பணமும் காலமும் வேண்டும். அவசரத்தினால் விண்ணப்பித்தவர்க்கு இரண்டும் இல்லை.

சமஷ்டி அரசு இத்துறையில் ஆழமாக இறங்கியது 1968ஆம் ஆண்டிலாகும். கிங்கும் ரொபேட் கென்னடியும் அவ்வாண்டிற் கொல்லப்பட்டதன் பின் நிறைவேறிய படைக்கலக் கட்டுப்பாட்டுச் சட்டம், குற்றத்தீர்ப்புப் பெற்றோர், போதைப்பொருள் பயன்படுத்துவோர் முதலியோர்க்குத் துப்பாக்கி விற்றலைத் தடுத்தது. ஆயின் வாங்குபவர் தாமே எழுதிக் கையொப்பமிட்ட கூற்றையே விற்பவர் நம்ப வேண்டியிருந்தது. 1981இல் சனாதிபதி றேகன் சுடப்பட்டபோது அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி தலையிற் காயமுற்று வாழ்நாள் முழுதும் வருந்தினார். அவர் பெயரால் 1993 நவம்பர் 30ஆந் திகதி கையொப்பமிடப்பட்ட சட்டம் முதன்முறையாக நாடெங்கணும் பின்னணிச் சோதனையை விதித்தது. தொடக்கத்தில் உள்ளூர்ப் பொலிஸ் தலைவர் ஐந்து நாளுள் சோதித்தல் வேண்டும் என்றிருந்தது. மாநில அலுவலரைச் சமஷ்டி அரசு இவ்வாறு ஏவலாகாதென மொன்டானா, அரிசோனா மாநிலங்களின் ஷெரிப்புகள் இருவர் வழக்கிட்டனர். 1997இல் உயர் நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் அவர்கள் பக்கம் தீர்த்தது. 1998 நவம்பர் முதலாகச் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகம் நடத்தும் உடனடிச் சோதனைமுறை வந்தது.

இச்சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. மூன்று அலுவல் நாட்களுள் பணியகம் தடை கூறாவிடின், விற்பவர் விரும்பினால் துப்பாக்கியைக் கையளிக்கலாம். அதாவது, இங்கே மௌனம் சம்மதம். அரசாங்கத்தின் சோம்பல் குடிமகனின் உரிமையை விழுங்கலாகாதென்பதே இவ்விதியின் நோக்கம். சார்ள்ஸ்டன் கொலைகாரன் இவ்வாயிலாகவே நுழைந்தான். 2015 ஏப்பிரில் 11ஆந் திகதி அவன் கடைக்குச் சென்றபோது பணியகம் முடிவைத் தாமதித்தது. போதைப்பொருள் வைத்திருந்ததாக அவன் முன்னர் ஒப்புக்கொண்ட பதிவொன்று இருந்தது. அது கிடைத்திருப்பின் விற்பனை தடைப்பட்டிருக்கும். பதிவிலிருந்த பிழையொன்றினால் ஆய்வாளர் உரிய பொலிஸ் நிலையத்தை அணுகவில்லை. மூன்று நாள் கழிந்தது. அவன் துப்பாக்கியைப் பெற்றான். பணியகத்தின் தலைவரே யூலை மாதத்தில் இத்தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இறந்தோரின் குடும்பத்தாரும் உயிர் தப்பியோரும் சமஷ்டி அரசுமீது வழக்கிட்டனர். கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது; 2019இல் நான்காம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மீளவும் எழுப்பியது; 2021இல் அரசாங்கம் 8 கோடியே 80 இலட்சம் டொலர் வழங்க இணங்கியது. தாமதத்தை எதிர்த்த வழக்கெனின் துப்பாக்கி வேண்டுவோரின் வழக்கென்றே பலர் எண்ணுவர். காலத்துள் விடை கூறாத அரசாங்கத்தைத் துப்பாக்கிக்கு இரையானோரும் நீதிமன்றிலே நிறுத்தினர் என்பதை மறத்தலாகாது. இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் வாங்கும்போது, மேலும் ஆராயக் காரணம் இருப்பின், சோதனைக்காலம் பத்து அலுவல் நாள்வரை நீளலாமென 2022ஆம் ஆண்டின் சட்டம் இடமளித்தது.

முன்கூட்டிய அநுமதி வேண்டும் மாநிலங்களில் நிலைமை மறுதலையானது. நியூ ஜேர்சி 1966இலும், இலினோய் 1960களின் பிற்பகுதியிலும் இத்தகைய சட்டங்களை இயற்றின. விண்ணப்பத்தை 30 நாளுள் முடித்தல் வேண்டுமென அலுவலர்க்குக் காலவெல்லை குறிக்கப்பட்டது. ஆயின் அவ்வெல்லை கடந்தால் என்ன நிகழும்? பத்திரம் தானாக வராது. பத்திரமின்றி வாங்குபவர் குற்றவாளி ஆவார். ஆகவே இங்கே மௌனம் மறுப்பு. விளைவு கூறப்படாத காலவெல்லை, அலுவலர்க்கு விடுத்த வேண்டுகோளினும் மேம்பட்டதன்று. நியூ ஜேர்சிச் சட்டத்தை எதிர்த்த வழக்கை அம்மாநில மேனிலை நீதிமன்றம் 1968இற் தள்ளியது. இரண்டாவது திருத்தம் தனிமனிதர்க்கு உரியதா என்பதே அப்போது ஐயமாக இருந்ததனால், தாமதத்தை யாப்பின் பெயரால் எதிர்த்தல் இயலாதிருந்தது. 2008இல் ஹெலர் வழக்கும், 2010இல் மக்டொனல்ட் வழக்கும் அவ்வையத்தை நீக்கின. முன்னது அது தனிமனித உரிமை என்றது. பின்னது மாநிலங்களையும் அது கட்டுப்படுத்தும் என்றது. உரிமை என்று ஆனபின், காத்திருக்க வைத்தல் உரிமையைப் பறித்தலாகுமா என்னும் வினா தவிர்க்கொணாததாயிற்று.

இவ்வினாவுக்கு விடை தேடியவர்க்கு உதவியது எதிர்பாராத ஒரு துறை. மேரிலாந்து மாநிலத்திற் படமாளிகை உரிமையாளர் ஒருவர், தணிக்கைச் சபையின் அநுமதி பெறாமலே திரைப்படமொன்றைக் காட்டித் தண்டனை பெற்று, உயர் நீதிமன்றம்வரை சென்றார். அது 1965இல் தீர்க்கப்பட்ட பிரீட்மன் வழக்கு. பேச்சுரிமைக்கு முன்கூட்டிய அநுமதி வேண்டப்படின், முடிவு குறுகிய காலத்துள் வரல் வேண்டும். தடுப்பவரே நீதிமன்றத்தை நாடிக் காரணம் நிறுவல் வேண்டும் என நீதியரசர் யாவரும் ஒருமித்துத் தீர்த்தனர். எல்லையற்ற தாமதம் தணிக்கையின் மறுவடிவம் என்பதே அத்தீர்ப்பின் சாரம். படத்துக்குப் பொருந்தியது துப்பாக்கிக்கும் பொருந்துமா? பேச்சு பிறர் உயிரை நேரே பறிப்பதில்லை என்பர் ஒரு சாரார். உரிமைகளுள் ஒன்றை மேலாகவும் ஒன்றைக் கீழாகவும் நீதிமன்றம் வகுத்தலாகாது என்பர் மறுசாரார்.

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய் இவ்விவாதத்தை ஏட்டிலிருந்து அலுவலக வாயிலுக்குக் கொணர்ந்தது. அவ்வாண்டிற் சமஷ்டிச் சோதனைமுறையிற் பதிவான சோதனைகள் ஏறத்தாழ 3 கோடியே 97 இலட்சம். அலுவலகங்கள் மூடியிருக்க விண்ணப்பங்கள் குவிந்தன. வட கரோலினாவின் வேக் மாவட்டத்தில் ஷெரிப் புதிய விண்ணப்பங்களை ஏற்பதையே மார்ச் மாதத்தில் நிறுத்தினார். இலினோயில் 30 நாள் என்ற எல்லை பல மாதங்களாக நீண்டது. இரண்டிடத்தும் வழக்குகள் எழுந்தன. கொனெக்டிகட் மாநிலத்திற் பொலிசார் விரலடையாளம் பதிதலை நிறுத்த ஆளுநர் இடமளித்தார். விரலடையாளமின்றி விண்ணப்பமே இல்லை. அதனை மீளத் தொடங்குமாறு சமஷ்டி நீதிபதி 2020 யூனிற் கட்டளையிட்டார். ஆயின் அடுத்த ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்கட்டளையை நீக்கியது. விரலடையாளம் பதிதல் மீளத் தொடங்கியமையால் விண்ணப்பதாரருக்கு இனிக் குறையில்லை என்பது அதன் காரணங்களுள் ஒன்று. தாமத வழக்குகளின் இயல்பான இடர் இதுவே. வழக்குப் போட்டவர்க்குப் பத்திரம் கிடைத்ததும் வழக்கு உயிரிழக்கின்றது. வரிசையில் நிற்கும் ஏனையோர்க்கு வழிகாட்டும் தீர்ப்பு பிறவாமலே போகின்றது.

2022 யூன் 23ஆந் திகதி வெளிவந்த புரூயன் தீர்ப்பு ஒரு திருப்புமுனை. சிறப்பான காரணங் காட்டினாலன்றித் துப்பாக்கி எடுத்துச் செல்ல அநுமதியில்லை என்ற நியூயோர்க் முறையை அறுவர்க்கு மூவர் என்ற பெரும்பான்மையால் உயர் நீதிமன்றம் நீக்கியது. தகுதியுள்ள எவர்க்கும் வழங்கியே ஆதல் வேண்டும் என்றுள்ள மாநிலங்களின் அநுமதிமுறையை அது ஐயுறவில்லை. ஆயினும் அத்தகைய முறையிலுங்கூட, நீண்ட காத்திருப்பினாலோ மிகையான கட்டணத்தினாலோ சாதாரண மக்கள் தம் உரிமையை இழக்க நேரின் அதனை எதிர்த்து வழக்கிடலாம் என்பதை அடிக்குறிப்பொன்றிற் சுட்டியது. அடிக்குறிப்பு ஒன்றிலிருந்து ஒரு வழக்குத்துறையே கிளைத்தது.

அதன்பின் வந்த தீர்ப்புகள் ஒருமுகமானவை அல்ல. மேரிலாந்து 2013இல் இயற்றிய சட்டத்தின்படி கைத்துப்பாக்கி வாங்குவோர் முதலில் விரலடையாளமும் பயிற்சியுங் கொண்டு தகுதிப்பத்திரம் பெறல் வேண்டும். அதற்கு 30 நாள்வரை செல்லலாம். 2023 நவம்பரில் நான்காம் வட்டார நீதிமன்றத்தின் மூவர் குழு, தகுதியுள்ளவரும் அதுவரை துப்பாக்கியின்றி நிற்றலே உரிமை மீறல் என்றது. 2024 ஓகஸ்டில் அந்நீதிமன்றத்தின் நீதிபதிகள் யாவருங் கூடிப் பதினால்வர்க்கு இருவர் என்ற பெரும்பான்மையால் அதனை மாற்றினர். தற்காலிகத் தாமதம் தன்னளவில் மீறலாகாது. தாமதம் துர்ப்பிரயோகமாகும்போதே மீறலாகும் என்பது அவர் முடிவு. உயர் நீதிமன்றம் 2025 சனவரியில் அதிற் தலையிட மறுத்தது. நியூ மெக்சிக்கோ 2024இல் விதித்த ஏழு நாட் காத்திருப்போ வேறு கதியடைந்தது. சோதனை முடிந்து தகுதி உறுதியான பின்னரும் எல்லாரையுங் காக்க வைத்தற்கு வரலாற்றில் முன்மாதிரி இல்லையெனக் கருதிய பத்தாம் வட்டார நீதிமன்றம், அது யாப்புக்கு முரணாதல் கூடுமென 2025 ஓகஸ்டில் இருவர்க்கு ஒருவர் என்ற பெரும்பான்மையால் தீர்த்தது. கலிபோர்னியாவின் பத்து நாட் காத்திருப்பை ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் 2016இல் ஏற்றிருந்தது. 2018இல் அதனை ஆராய உயர் நீதிமன்றம் மறுத்தபோது நீதியரசர் தோமஸ் தனித்து மாறுபட்டெழுதினார். காத்திருப்பினாற் பயனில்லை என்றுங் கூறிவிடல் இயலாது. காத்திருப்பு விதிகள் துப்பாக்கிக் கொலைகளை ஏறத்தாழ 17 சதவீதம் குறைத்தன என 2017இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

அலுவலகத் தாமதத்தைப் பொறுத்தவரை நீதிமன்றங்களின் நோக்கு சற்றுக் கூர்மையடைந்துள்ளது. லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லும் அநுமதிக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேற் காத்திருந்தோர் சிலர்க்கு 2024 ஓகஸ்டிற் சமஷ்டி நீதிமன்றம் இடைக்காலப் பரிகாரம் அளித்தது. 2025 செப்டெம்பரிற் சமஷ்டி நீதித் திணைக்களமே அவ்வலுவலகத்தின்மீது வழக்கிட்டது. விண்ணப்பங்களைக் கையிலெடுப்பதற்கே சராசரி 281 நாள் சென்றது என்பது அதன் குற்றச்சாட்டு. வாங்கும் அநுமதியும் எடுத்துச் செல்லும் அநுமதியும் வெவ்வேறாயினும் இரண்டிலும் எழும் வினா ஒன்றே. வட கரோலினாவோ 1919ஆம் ஆண்டின் சட்டத்தையே 2023 மார்ச்சில், ஆளுநரின் மறுப்பையும் மீறி, நீக்கிவிட்டது. தாமதத்தைத் திருத்துவதற்குப் பதிலாகத் தாமதித்த வாயிலையே இடித்தது எனலாம். அதனோடு அவ்வாயிலிற் செய்யப்பட்ட சோதனையும் போயிற்று.

இவ்வரலாற்றினின்றும் பெறப்படுவது யாது? விண்ணப்பத்துக்குக் காலவெல்லை குறித்தல் எளிது. அவ்வெல்லை கடந்தால் மௌனத்தின் பொருள் யாது என்று வரையறுத்தலே அரிது. மௌனத்தைச் சம்மதமாக்கினால் அலுவலரின் தவற்றுக்கு அப்பாவி மக்கள் இரையாவர். மறுப்பாக்கினால் தகுதியும் தேவையும் உள்ளவர் இரையாவர். நியூ ஜேர்சிப் பெண்மணிக்குத் துப்பாக்கி கிடைத்திருப்பின் அவர் பிழைத்திருப்பாரோ என்பதை எவருங் கூறவியலாது. ஆயின் அவருக்கு உரிய விடை உரிய நாளில் வரவில்லை என்பது உறுதி. சார்ள்ஸ்டனில் இறந்த ஒன்பதின்மர்க்கும் உரியது அதே விடைதான். அங்கே அது இல்லை என்னும் விடையாக வந்திருத்தல் வேண்டும். ஆகவே இவ்விரு சாராரும் வேண்டியது வேறன்று. ஆராய்ந்து, காலத்துள், காரணத்தோடு கூறப்படும் ஒரு முடிவே இருவர்க்கும் வேண்டியிருந்தது.

நீதிமன்றம் காலவெல்லையைக் காக்கலாம். முடிவு கூறுமாறு பணிக்கலாம். இழப்புக்கு ஈடும் அளிக்கலாம். விண்ணப்பத்தை எடுத்து வாசிக்கும் அலுவலரின் கையையும், அவருக்குத் துணை நிற்கும் பதிவேட்டையும் தீர்ப்பினால் உண்டாக்க முடியாது. அவற்றை உண்டாக்க வேண்டியது அரசின் கடமை. துப்பாக்கியைப் பற்றி எவர் எக்கொள்கை உடையவராயினும், மேசைமேற் கிடக்கும் ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் விடைக்காகக் காத்து நிற்கும் ஒருவர் உளர் என்பதை ஆட்சி மறந்துவிடலாகாது.